கப்பலில் இஸ்திரிப் பெட்டி இல்லாமல் ஐந்து நாள்: அப்பாவின் சட்டையும் அம்மாவின் பட்டும்

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பெற்றோரைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கிருந்து பினாங், புக்கெட் போய்வரும் நான்கு இரவுக் கப்பலில் ஏற்றுகிறீர்கள். கப்பலின் தடைப் பட்டியலில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. "சின்ன டிராவல் அயர்ன் ஒன்றைத் துணிகளுக்கு நடுவில் வைத்து அனுப்பலாமா? இல்லையென்றால் கசங்காத துணி எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. இஸ்திரி போடாத சட்டையோடு அப்பா நாற்பது வருஷமாக வாசல் தாண்டியதில்லை. அம்மா ஃபார்மல் நைட்டுக்கு, அதாவது எல்லோரும் விசேஷ உடையில் சாப்பிட வரும் இரவுக்கு, அறுபதாம் கல்யாணப் பட்டையே கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். அந்த இரண்டும் நடக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது. அதில் பெரும்பகுதி வீட்டிலேயே முடிகிற வேலை.

நான் சொகுசுக் கப்பல்களின் சலவைக்கூடத்தில் பதினோரு ஆண்டு இருந்தவன். இஸ்திரி போடும் பிரஸ் டேபிளில் தொடங்கி, கடைசி நான்கு காண்ட்ராக்ட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டின் ஃபினிஷிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கப்பலுக்குக் கப்பல் விதி மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும். அதனால் கட்டணம், நேரம் போன்றவற்றை உங்கள் கப்பலின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். துணி எப்படி நடந்துகொள்ளும் என்பது எல்லாக் கப்பலிலும் ஒன்றுதான்.

முதலில் அயர்ன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். வேண்டாம். ஏறும்போது எல்லாப் பெட்டியும் எக்ஸ்ரே வழியாகப் போகும். இஸ்திரிப் பெட்டி அதில் அச்சாகத் தெரியும். அந்த சூட்கேஸை அறைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, அப்பாவைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். பொருளை வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும் நாளில் தருவார்கள். முதல் நாள் சாயங்காலமே அப்பாவுக்கு அந்த அலைச்சல் எதற்கு? கையில் பிடிக்கும் ஸ்டீமரும் இதே கணக்குதான். இதை வீண் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். நடுக்கடலில் தீ பிடித்தால் வெளியிலிருந்து வண்டி வராது, உள்ளே இருக்கும் ஊழியர்களே அணைக்க வேண்டும். சலவைக்காரனான நானும் தீயணைப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினேன். 2006 மார்ச் 23 அன்று, ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனியில் பிடித்த தீயில் வரிசை வரிசையாக அறைகள் கருகின, புகையில் மூச்சுத்திணறி ஒரு பயணி இறந்தார். அணைக்காமல் எறிந்த ஒரு சிகரெட் துண்டுதான் காரணமாக இருந்திருக்கும் என்று விசாரணை சொன்னது. சிகரெட் துண்டுக்கே அந்தக் கதி என்றால், மெத்தைமேல் மறந்துபோய் வைத்த அயர்னை யோசித்துப் பாருங்கள். எங்கள் கூடத்திலும் டிரையரில் சேரும் பஞ்சுத் தூசியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டு, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது.

சில நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளத் தனி அறை உண்டு. பிரின்சஸ், குனார்ட், டிஸ்னி எல்லாம் அந்த வகை. நீங்கள் சொல்லியிருக்கும் ராயல் கரீபியனில் அந்த வசதி கிடையாது. துணியைப் பையில் போட்டுக் கொடுத்தால் சலவைக்கூடத்தில் செய்து அனுப்புவார்கள், அதற்குத் தனிக் காசு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துணி ஏன் கசங்குகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். பருத்தியும் லினனும் செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள். அதன் நீண்ட சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஈரம் உள்ளே போனால் அந்தப் பிடி தளரும். தளர்ந்திருக்கும் நேரத்தில் துணி எப்படி மடங்கிக் கிடக்கிறதோ, ஈரம் போனதும் அதே வடிவில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் வடிவம் மாறும். காய்ந்து ஆறினால் அது நிலைக்கும். இஸ்திரிப் பெட்டி செய்வது அவ்வளவுதான். அப்பா காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் சட்டையின் முதுகு கசங்கியிருக்கிறதே, அதுவும் இதேதான்: உடம்பின் வியர்வை, உடம்பின் சூடு, உடம்பின் எடை. சூட்கேஸையும் நான் மெதுவாக வேலை செய்யும் ஓர் இஸ்திரிப் பெட்டியாகத்தான் பார்க்கிறேன். உள்ளே ஈரம் இருந்தால், சென்னை வெயிலில் டாக்ஸி டிக்கியில் கிடந்து சூடேறினால், மேலே செருப்பும் சார்ஜரும் அழுத்தினால், நீங்கள் விரும்பாத மடிப்பையெல்லாம் அது அழகாக இஸ்திரி போட்டு வைத்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கப்பலேறிய மூன்றாவது வாரம். மறுநாள் ஃபார்மல் நைட் என்பதால் சாப்பாட்டுக்கூடப் பரிமாறுகிறவர்களின் வெள்ளைக் கோட்டுகள் மொத்தமாக வந்தன. பிரஸ் டேபிளுக்குக் கீழே இரண்டு பெடல் இருக்கும். ஒன்றை மிதித்தால் ஆவி வரும், இன்னொன்றை மிதித்தால் டேபிள் கீழ்நோக்கிக் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் துணியில் தங்கிய ஆவியை இழுத்து, துணியை ஆறவைக்கும். எனக்கு வேகம்தான் பெரிதாகத் தெரிந்தது. ஆவியை மிதித்து, அழுத்தி, உறிஞ்சும் பெடலைத் தொட்டும் தொடாமலும் விட்டு, சூட்டோடு மடித்து அடுக்கினேன். கையில் எடுக்கும்போது ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி இருந்தது. காலையில் அடுக்கைப் பிரித்தால், மேலே இருந்த ஏழெட்டைத் தவிர எல்லாவற்றின் குறுக்கேயும் ஆழமான கோடுகள், அடியில் இருந்தவை தொட்டால் சில்லென்று ஈரம். அறுபதுக்கு மேல் கோட்டுகள். அன்று இரண்டு பேர் தூக்கத்தைவிட்டு வந்து என்னோடு நின்று மறுபடி பிரஸ் செய்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒன்றும் திட்டவில்லை. ஒரு கோட்டை முடித்து என் கன்னத்தில் வைத்தார். துணி குளிர்ந்திருந்தது. "இப்படி இருந்தால்தான் மடிக்கலாம்" என்றார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம், எனக்கு முழு நிச்சயம் உள்ள விஷயம்: கடைக்குக் கொடுத்தாலும் வீட்டில் போட்டாலும், இஸ்திரி போட்ட துணியை அன்றே சூட்கேஸில் வைக்காதீர்கள். பயணத்துக்கு முந்தின நாளே போட்டு, ஹேங்கரில் மாட்டி, ஃபேனுக்குக் கீழே ஓர் இரவு விடுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து சூடாக வரும் அடுக்கையும் உடனே பிரித்து மாட்டிவிடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளுமையாக, உலர்ந்து இருந்தால் மடிக்கலாம்.

அடுத்தது துணித் தேர்வு. அப்பாவுக்கு நான்கு லினன் சட்டை எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். லினன் கசங்கும். எப்படி மடித்தாலும், எதைத் தெளித்தாலும், போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மடியிலும் முழங்கையிலும் கோடு விழும். அதன் நார் விறைப்பானது, வளைத்தால் திரும்பி வராது. அந்தக் கசங்கலே அழகு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்பா அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். பாலியஸ்டர் கலந்த பருத்திச் சட்டை இந்தப் பயணத்துக்கு நல்ல துணை. பாலியஸ்டர் தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரம் பிடிக்காது, பருத்தி ஏழெட்டு சதவீதம் பிடிக்கும். அதோடு பாலியஸ்டர் சுமார் 70 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இளகி வடிவம் மாறும், உடம்புச் சூட்டில் அசையாது. முழுப் பருத்திதான் வேண்டும் என்றால் "ரிங்கிள் ஃப்ரீ" என்று விற்கும் சட்டைகள் இருக்கின்றன. செல்லுலோஸ் சங்கிலிகளை ரசாயனப் பாலம் போட்டுக் கட்டிவிடும் முறை அது. 1950களில் அமெரிக்க வேளாண்துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளரின் குழு இதில் பெரிய வேலை செய்தது. நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் அந்தப் பாலம் நூலின் பலத்தைக் கொஞ்சம் குறைக்கும். புதுச் சட்டையை ஒருமுறை துவைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், அந்த ரசாயனத்தில் தோலை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடு மிச்சம் இருக்கலாம். பகல் நேரத்துக்குப் பின்னலாடை டி-சர்ட் போதும். தறியில் நெய்த துணியில் நூல் இறுக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். பின்னலில் அது வளையம் வளையமாக இருப்பதால் நகர்ந்து கொடுக்கும், கோடு தங்காது. எங்கள் ஊர்ச் சரக்கு என்பதற்காகச் சொல்லவில்லை!

வேட்டி விஷயத்தில் ஒன்றே ஒன்று: கஞ்சி வேண்டாம். கஞ்சி போட்ட வேட்டியும் சுங்குடிப் புடவையும் வீட்டில் எடுத்துக் கட்டும்போது கம்பீரமாக இருக்கும். ஆனால் பெட்டிக்குள் அழுத்தத்தில் அந்தக் கஞ்சிப் படலம் முறிகிற இடமெல்லாம் கத்தி வைத்த மாதிரிக் கோடு விழும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் அதுவே தொய்ந்தும் போகும். கஞ்சி இல்லாமல் துவைத்து இஸ்திரி போட்ட வேட்டியை, கடையில் வாங்கும்போது எந்த மடிப்பில் இருந்ததோ அதே மடிப்பில் வையுங்கள். அந்த நேர்க்கோடுகள் கட்டும்போதும் நேராக விழும், பார்ப்பவருக்குக் கசங்கலாகத் தெரியாது. மடிப்பு வேறு, கசங்கல் வேறு. கண்ணை உறுத்துவது கோணல்மாணலான கோடுதான்.

இப்போது அம்மாவின் பட்டு. ஒரு தடவை எங்கள் கூடத்துக்கு ஒரு பட்டுப்புடவை வந்தது. சலவைச் சீட்டில் சட்டை, பேன்ட், டிரஸ் என்று கட்டங்கள் இருக்கும், புடவைக்குக் கட்டம் இல்லை. யாரோ ஓர் அம்மா "டிரஸ்" என்பதில் டிக் போட்டு, பக்கத்தில் பிரஸ் என்று எழுதியிருந்தார். அரக்கு நிறம், ஒரு சாண் அகலத்துக்கு ஜரிகை. டேபிளில் நின்ற பிலிப்பைன்ஸ் நண்பர் விரிக்க விரிக்க அது முடியவே இல்லை. தரையில் படக்கூடாது என்று முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஆவியை மூடிவிட்டு, பின்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு தலையணை உறையை விரித்து, மிதமான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தோம். அன்று நான் டியூட்டியில் இல்லாமல் இருந்திருந்தால் அவர் வழக்கம்போல ஆவியை மிதித்திருப்பார், அவர்மேல் தப்பில்லை. பட்டில் நீர்த்துளி பட்ட இடம் திட்டாக நிற்கும், ஜரிகை அதிகச் சூட்டில் மங்கும். அதனால் பட்டைக் கப்பலில் பிரஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அதற்கு இப்போது நம் ஊரில் நல்ல வழி இருக்கிறது. புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, சதுரமாக மடித்துத் தரும் பெண்கள் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ப்ரீ-பிளீட்டிங், பாக்ஸ் ஃபோல்டிங் என்று கேட்டால் தெரியும். அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையை ஒரு நாள் காற்றாட விட்டு, அவர்களிடம் கொடுத்து வாங்கி, பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி அனுப்புங்கள். கொசுவமும் முந்தானை மடிப்பும் அந்த இஸ்திரிக் கோட்டிலேயே விழும், அம்மா கப்பலில் பத்து நிமிஷத்தில் கட்டிக்கொள்ளலாம். ஜரிகை உலோகக் கம்பி சுற்றிய நூல், வளைந்த இடத்தில் வளைந்தே நிற்கும். ஆகையால் ஊருக்குத் திரும்பியதும் பிரித்து, மடிப்பு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது, மாதக்கணக்கில் அப்படியே விட்டால்தான் அந்த மடிப்பில் பட்டு விட்டுப்போகும். மற்ற நாள்களுக்குப் பருத்திப் புடவைக்குப் பதிலாக ஜார்ஜெட் அல்லது மைசூர் கிரேப் பட்டு. கிரேப்பின் நூல் நிறைய முறுக்கு ஏற்றியது, ஸ்பிரிங் மாதிரி தானே மீண்டுகொள்ளும்.

பெட்டி அடுக்குவதில் ஆளாளுக்கு ஒரு முறை சொல்வார்கள். அடிப்படை ஒன்றுதான்: வளைவு எவ்வளவு பெரிதோ, கோடு அவ்வளவு மெல்லிது. ஒரு சட்டையைப் பாதியாக மடித்து அழுத்தினால் அந்த ஓரத்தில் நூல் முறிகிற அளவுக்கு வளையும். அதே சட்டையை ஒரு துண்டின்மேல் சுற்றினால் கோடே விழாது. அதனால் பட்டன் போட்ட சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, காலர்களைத் திசை மாற்றி மாற்றி வைத்து, நடுவில் உள்ளாடையும் டி-சர்ட்டும் சேர்த்த ஒரு மூட்டையை வைத்து, சட்டைகளின் கைகளையும் ஓரங்களையும் அதன்மேல் சுற்றிப் போடுங்கள். குழந்தையைத் துணியில் பொதிகிற மாதிரி. டிரை கிளீனிங் கடை தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருந்தால் இடையிடையே போடலாம். துணி வழுக்கி நகரும், ஒரே இடத்தில் மடிப்பு அழுந்தாது. துணி நன்றாக உலர்ந்திருந்தால் மட்டும் அது நல்லது, ஈரம் இருந்தால் உள்ளேயே அடைத்துவிடும். காற்றை உறிஞ்சிச் சப்பையாக்கும் வாக்யூம் பைகள் கூடவே கூடாது. அவை இடத்தை மிச்சப்படுத்தும், துணியைப் பாழாக்கும். செருப்பு, மருந்துப் பை, கனமானது எல்லாம் சக்கரம் இருக்கும் பக்கம். பெட்டியை நிமிர்த்தினால் எல்லாம் அங்கேதான் சரியும். பெட்டி அரைகுறையாகவும் இருக்கக்கூடாது. குலுங்கினால் துணி சுருண்டுகொள்ளும்.

கப்பலேறும் நாளில் ஒன்று நடக்கும், முதல் தடவை போகிறவர்களுக்கு அது தெரியாது. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வரச் சாயங்காலம் ஆகலாம், இரவுச் சாப்பாட்டு நேரம்கூட ஆகலாம். எனவே முதல் இரவுக்கான சட்டை, புடவை, மாத்திரைகள், அம்மாவின் பட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வந்ததும் களைப்பாக இருந்தாலும் உடனே பிரித்து மாட்டச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து மாட்டுவதற்கும் அன்றே மாட்டுவதற்கும் நிறைய வித்தியாசம். ஹேங்கர் போதாவிட்டால் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடம் கேட்டால் தருவார். பெரும்பாலான கப்பல்களில் அறைச் சுவருக்குள் இரும்புத் தகடு இருப்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். நாலைந்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சட்டைகளை இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். நெருக்கி மாட்டினால் அலமாரிக்குள்ளேயே கசங்கும்.

அத்தனைக்குப் பிறகும் சில கோடுகள் இருக்கும். எல்லோரும் சொல்வது குளியலறை ஆவி. இது பாதி உண்மை. கம்பளி கலந்த பேன்ட், கிரேப், பின்னலாடை, பாலி-காட்டன் இவற்றின் லேசான கோடுகள் போகும். பருத்தியின் அழுத்தமான கோடும் லினனும் மசியாது. கப்பலின் குளியலறை சின்னது, அதே சமயம் வெளியே காற்றை இழுக்கும் துளை எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். வீட்டில் நிற்கிற அளவு ஆவி நிற்காது. குளிக்கும்போது சட்டையை உள்ளே மாட்டிவைத்து, குளித்து முடித்ததும் ஒரு பத்து நிமிஷம் கதவைச் சாத்தியே வைத்து, கையால் மேலிருந்து கீழாகத் தடவி, பிறகு அறையில் மாட்டி முழுதாக உலரவிட வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ஈரத்தோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முன்பைவிட மோசமாகும். இதற்கென்று வெந்நீரை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டாம், கப்பலில் நன்னீர் பாடுபட்டுத் தயாரிப்பது. குளியலறைக் கதவைத் திறந்துவைத்து ஆவியை அறைக்குள் விடவும் வேண்டாம், புகை உணரும் கருவி அதைப் புகை என்று எடுத்துக்கொண்டு அலறும்.

பருத்திக்கு ஆவியைவிடத் தெளிப்பான் மேல். 100 மில்லி பாட்டிலில் தண்ணீரும் கால் தேக்கரண்டி துணி மென்மையாக்கும் திரவமும், கம்ஃபர்ட் மாதிரி எதுவானாலும், கலந்து கொடுங்கள். சட்டையை மாட்டி, கோடு உள்ள இடத்தில் பனி படிந்த அளவுக்குத் தெளித்து, கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்து, பட்டன் பட்டையையும் காலரையும் விரலால் நீவிவிட்டு, அறையில் இருக்கும் ஹேர் டிரையரால் உலர்த்தினால் நன்றாகவே நேராகும். ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்திருப்பதுதான் முக்கியம். சூடு மட்டும் கொடுத்தால் போதாது, அழுத்தத்தின் இடத்தில் அந்த இழுப்பு. அப்பா இதைக் காலையிலேயே செய்து மாட்டிவிட்டால் சாயங்காலத்துக்குச் சட்டை தயார். பட்டுக்கும் ரேயானுக்கும் இதைத் தெளிக்கக்கூடாது, திட்டு விழும்.

இனி கப்பலின் பிரஸ் சேவை. காசு கொடுப்பதைப் பற்றி யோசிக்காதீர்கள் என்றே சொல்வேன், இரண்டு உருப்படிக்கு மட்டும். அப்பாவின் ஃபார்மல் நைட் சட்டையும் பேன்ட்டும். நான்கு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் ஒரு ஃபார்மல் நைட்தான். அதற்கு முந்தின நாளும் அன்று காலையும் சலவைக்கூடத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் அந்த அவசரத்தில் கை ஓடும் விதமே வேறு. அதனால் ஏறிய அன்றே, பெட்டி வந்த கையோடு, அலமாரியில் இருக்கும் பையில் போட்டு, சீட்டில் "பிரஸ்" என்பதை மட்டும் குறித்து, ஹேங்கரில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். "வாஷ் அண்ட் பிரஸ்" என்பதில் டிக் விழுந்தால் துவைத்தும் விடுவார்கள், காசும் கூடும். மறுநாள் அறைக்கு வந்துவிடும். அன்றே வேண்டும் என்று கேட்டால் கூடுதல் கட்டணம். பாக்கெட்டில் பேனா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பெரிய நஷ்டங்களில் பாதி பேனாவால் வந்தவை.

உறுதியாகச் சொல்ல முடியாத சிலவற்றையும் கேட்டிருந்தீர்கள். சுருட்டுவதா மடிப்பதா என்றால், டி-சர்ட்டும் ஜீன்ஸும் சுருட்டினால் நன்றாக இருக்கும் என்பது என் கை அனுபவம். காலர் வைத்த சட்டையைச் சுருட்டினால் எனக்குச் சரிவந்ததில்லை, சுருட்டும்போதே உள்சுற்றில் சின்னச் சின்னச் சுருக்கம் சேர்ந்துவிடும். மற்றவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம். தலைமுடி நேராக்கும் கருவியால் காலரை அழுத்துவது பற்றி: பருத்தியில் வேலை செய்கிறது, பலர் செய்கிறார்கள். ஆனால் அதன் தகடு 200 டிகிரி வரை போகும், பாலியஸ்டர் கலப்பில் பளபளவென்று திட்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் சட்டையில் முயல வேண்டாம். மெத்தைக்கு அடியில் பேன்ட்டை விரித்து வைப்பது நம் தாத்தாக்கள் பாய்க்கு அடியில் வைத்ததுதான். நடுக்கோடு நிற்கும், கசங்கல் போகாது.

பினாங்கிலும் புக்கெட்டிலும் இறங்கிச் சுற்றிவிட்டு வந்தால் துணி வியர்வையில் நனைந்திருக்கும். அதைக் கழற்றிக் குவித்துப் போட்டால் ஏசியில் அந்தக் கோலத்திலேயே காய்ந்து விறைக்கும். உடனே மாட்டிவிட வேண்டும். பால்கனியில் மட்டும் காயவைக்க வேண்டாம். விதிப்படியும் கூடாது, கடல் காற்றின் உப்பும் துணியில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், அந்தத் துணி என்றைக்கும் முழுதாகக் காய்ந்த மாதிரி இருக்காது. கையால் ஒன்றிரண்டு துவைத்தால் பிழியாமல், காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, குளியலறையில் இழுத்துக் கட்டும் கயிறு இருக்கும், அதில் போட்டால் போதும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்பாவுக்கு மூன்று பாலி-காட்டன் சட்டை, ஒரு லினன், மூன்று டி-சர்ட், கம்பளி கலந்த ஒரு பேன்ட், ஒரு சாதா பேன்ட், கஞ்சியில்லாத ஒரு வேட்டி. அம்மாவுக்கு அந்தப் பட்டு, இரண்டு ஜார்ஜெட், ஒரு கிரேப், பகலுக்குப் பின்னல் துணியில் இரண்டு சுடிதார் வைப்பேன். நான்கு காந்தக் கொக்கி, ஒரு தெளிப்பான். கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், அவை மறுநாள் துறைமுகத்தில்தான் கையில் கிடைக்கும். எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இரவு உடையோடு நின்ற பயணிகளுக்கு நாங்கள் அவசரமாக உடை தேடியிருக்கிறோம். இறங்கும் நாளுக்கான ஒரு சட்டையும் ஒரு புடவையும் அன்று இரவு ஹேங்கரிலேயே இருக்கட்டும்.